வானின் ஒழுங்கும் தரையின் ஒழுங்கும்: மெரினா வான்சாகச நிகழ்ச்சி – ஒரு பார்வை

முன்னுரை

வானில் பறக்கும் ஊர்தி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. புறநானூற்றின் 27ஆம் பாடல், செலுத்துவோர் இல்லாமலே வானிற் செல்லும் ஊர்தி ஒன்றைக் குறிப்பிடுகின்றது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியை அறியாத தமிழ் மாணவர் இலர். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் தன் ஆட்சியும் உயிரும் போகும் வேளை வந்துவிட்டதை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த அரசி விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்புகின்றான். அதனை இயக்கும் முறையை அவள் முன்னரே பயின்றிருந்தாள். வான்வழியே செல்லும்போது பகைவனின் வெற்றி முரசு அவள் காதில் விழுகின்றது. அவள் மயங்குகின்றாள். மயிற்பொறி சுடுகாட்டில் சென்று இறங்குகின்றது.

இப்பகுதியைப் பாடம் சொல்லும் போதெல்லாம் மயில் எழுந்து பறந்த அருமையையே நாம் விரித்துரைக்கின்றோம். அது இறங்கிய இடத்தைப் பற்றி ஓரிரு சொற்களோடு கடந்துவிடுகின்றோம். கட்டுரையாளனும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தவன்தான். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப் படையின் வான்சாகச நிகழ்ச்சியைக் கண்டு திரும்பிய பின்னரே, எழுவதைப் போல இறங்குவதும், பறப்பதைப் போல நிற்பதும் நடப்பதும் ஆராயத் தக்கவை என்ற எண்ணம் தோன்றியது. அன்று வானத்தில் 72 விமானங்கள் ஒரு குறையும் இன்றிப் பறந்து திரும்பின. தரையில் ஐந்து பேர் உயிரிழந்தனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சியின் பின்புலம்

இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாள் விமானப் படை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நெடுங்காலம் தில்லியை அடுத்த இண்டன் விமானத் தளத்தில் நடைபெற்று வந்த இவ்விழா, 2022இல் சண்டிகருக்கும் 2023இல் பிரயாக்ராஜுக்கும் கொண்டு செல்லப்பட்டது. 92ஆம் ஆண்டு விழா 2024இல் சென்னைக்கு வந்தது. அணிவகுப்பு அக்டோபர் 8 அன்று தாம்பரம் விமானத் தளத்தில் நடைபெற்றது. அதற்கு இரு நாள் முன்னர், ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மெரினாவில் வான்சாகசம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் கூடினர் என மதிப்பிடப்பட்டது.

கட்டுரையாளன் விமானங்களைப் பற்றி ஏதும் அறியாதவன். உடன் அழைத்துச் சென்றவன் தங்கையின் மகன். பொறியியல் மூன்றாம் ஆண்டு பயிலும் அவனுக்குச் சிறு வயது முதலே விமானங்களின் மீது தீராத ஈடுபாடு. தான் கண்ட ஒவ்வொரு விமானத்தின் வகை, கண்ட நாள், இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவன் வழக்கம். தங்கையின் வீடு திருவல்லிக்கேணியில் இருந்ததால் கடற்கரைக்கு நடந்தே செல்ல முடிந்தது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, இருபது நிமிடத்தில் மணற்பரப்பை அடைந்தோம். அப்போதே கூட்டம் பெருகத் தொடங்கியிருந்தது.

அவன் தோளில் தொங்கிய பையில் நான்கு புட்டித் தண்ணீரும், உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான பொட்டலங்களும், ஈரத்துண்டும், தொப்பிகள் இரண்டும் இருந்தன. இத்தனை சுமை எதற்கு என்று கேட்டதற்கு, "விமானம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும், மாமா" என்றான். அப்போது அது வேடிக்கைப் பேச்சாகவே தோன்றியது.

காணும் கலை

ஓர் ஆர்வலர் விமானத்தைக் காண்பதற்கும் ஏனையோர் காண்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. நாங்கள் கேட்ட முதற்பாடம் ஒலியைப் பற்றியது. இரைச்சல் எழும் திசையை நோக்கி அனைவரும் தலையைத் திருப்பினர். அங்கே வெற்று வானமே இருந்தது. "மாமா, ஓசை வரும் பக்கம் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் பாருங்கள்" என்றான் அவன். காரணம் எளிமையானது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவே செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒலி நம்மை வந்தடைய மூன்று நொடிகள் ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் நொடிக்கு 250 மீட்டர் கடக்கின்றது. ஆகவே ஓசை நம் காதில் விழும்போது விமானம் 750 மீட்டர் முன்னே போய்விட்டிருக்கும்.

இரண்டாவது பாடம் நீராவியைப் பற்றியது. போர் விமானம் திடீரென வளைந்து மேலெழும்போது அதன் இறக்கைகளின் மீது வெண்ணிற மேகம் ஒன்று தோன்றி மறைவதைக் கண்டோம். அருகில் இருந்த பலர் அதனைப் புகை என்று எண்ணினர். இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் விரைந்து குறைகின்றது. அழுத்தம் குறையக் காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் துளிகளாகத் திரள்கின்றது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் இக்காட்சி அங்குத் தெளிவாகப் புலப்படும். இறக்கைக்கு மேகத்தைப் போர்த்திய அதே ஈரப்பதம், கீழே நின்றோரின் வியர்வையை உலர விடாமல் தடுத்துக் கொண்டிருந்தது என்பதை அந்நேரத்தில் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாவது பாடம் விமானியின் உடல் குறித்தது. விமானம் கூர்மையாக வளையும்போது விமானியின் எடை பன்மடங்கு பெருகியதைப் போன்ற நிலை ஏற்படுகின்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவர், புவியீர்ப்பின் எட்டு மடங்கு விசைக்கு ஆட்படும்போது 560 கிலோ எடையோடு இருக்கையில் அழுத்தப்படுகின்றார். குருதி கால்களை நோக்கி இறங்குகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி குறைந்தால் முதலில் பார்வை மங்கும். பின்னர் நினைவு தப்பும். இதனைத் தடுக்கவே கால்களையும் வயிற்றையும் இறுக்கும் காற்றுப்பை பொருத்திய உடையை அவர்கள் அணிகின்றனர். தசைகளை இறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சியையும் பெறுகின்றனர். விசயை துயரத்தால் மயங்கினாள். இவர்கள் விசையால் மயங்கக் கூடும். பறப்பவர் மயங்கினால் பொறி எங்கே போய் இறங்கும் என்ற கேள்வி இரண்டிற்கும் பொதுவானது.

கண்ட காட்சிகள்

அன்று பறந்தவற்றுள் முதுமையானவற்றில் ஒன்று டகோட்டா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சேர்ந்த இவ்வகை விமானங்களே 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படையினரை முதன்முதலாகச் சிறீநகரில் கொண்டு சென்று இறக்கின. இங்கிலாந்தில் பழுது நீக்கிப் புதுப்பிக்கப்பட்டு 2018இல் இந்தியா வந்த ஒரு டகோட்டாவை விமானப் படை இன்றும் பேணி வருகின்றது. அதிவேகப் போர் விமானங்களுக்கு நடுவே அது மெல்ல ஊர்ந்து சென்றபோது, அருகே நின்ற முதியவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

ரஃபேல், சுகோய்–30, மிராஜ் ஆகிய பிறநாட்டு வடிவமைப்புகளோடு, பெங்களூரில் உருவான தேஜஸ் விமானமும் பறந்தது. ஆகாஷ் கங்கா குழுவினர் பாரசூட்டின் உதவியால் வானிலிருந்து இறங்கினர். விமானங்கள் உமிழ்ந்த தீச்சுடர்களைக் கண்ட சிறுவர்கள் வாணவேடிக்கை என்று ஆர்ப்பரித்தனர். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்புவதற்காக எரிக்கப்படும் பொய்ச்சுடர்கள் அவை.

சாரங் குழுவின் ஹெலிகாப்டர்கள் தமிழாசிரியன் ஒருவனுக்குத் தனி மகிழ்ச்சி தருவன. கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட இக்குழு, 2004இல் சிங்கப்பூரில் தன் முதற் பொதுநிகழ்ச்சியை நடத்தியது. சாரங் என்னும் வடசொல் மயிலைக் குறிக்கும். அதற்கேற்ப ஹெலிகாப்டர்களின் மீது மயிலுருவம் தீட்டப்பட்டுள்ளது. சிந்தாமணியின் மயிற்பொறி நம் கண்முன் கூட்டமாக வந்து ஆடியதைப் போன்றதோர் உணர்வு அப்போது உண்டாயிற்று. ஒரு ஹெலிகாப்டரின் சுழலி கீழ்நோக்கித் தள்ளும் காற்று அண்மையில் வரும் மற்றொன்றை நிலைகுலையச் செய்யும். ஆகவே ஹெலிகாப்டர்கள் நெருங்கி அணிவகுத்துப் பறப்பது மிகவும் கடினமாகும்.

சூர்யகிரண் குழு 1996இல் பீதர் தளத்தில் தோன்றியது. கிரண் வகைப் பயிற்சி விமானங்களில் பறந்து வந்த இக்குழு 2011இல் நிறுத்தப்பட்டு, ஹாக் வகை விமானங்களோடு 2015இல் மீண்டும் உயிர்பெற்றது. ஒன்பது விமானங்கள், ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் பறக்கின்றன. இது எவ்வாறு இயலுகின்றது என்று தங்கை மகனிடம் கேட்டேன். அவன் கூறிய விடை வியப்பளித்தது. அணியில் உள்ளவர்கள் எதிரே பார்த்து ஓட்டுவதில்லை. தலைவரின் விமானத்தில் குறிக்கப்பட்ட இரு புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் தெரியுமாறு தம் விமானத்தை வைத்துக் கொள்கின்றனர். நிலத்தையும் வானத்தையும் அணிக்காகப் பார்ப்பவர் தலைவர் ஒருவரே. ஏனையோர் அவரைப் பார்க்கின்றனர். ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னர், எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தரையிலேயே நடந்து பார்த்துப் பழகுகின்றனர்.

விபத்துகள் கற்பித்த விதிகள்

இத்தகைய ஒழுங்கு தானாகத் தோன்றியதன்று. இன்றைய வான்சாகச விதிகள் பலவற்றின் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கின்றது.

1952 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டி.எச்.110 என்ற சோதனை விமானம் பறக்கும்போதே சிதறியது. அதன் எந்திரப் பகுதி கூட்டத்தின் மீது வந்து விழுந்தது. விமானத்திலிருந்த இருவரும் பார்வையாளர் 29 பேரும் இறந்தனர். அதன் பின்னரே பார்வையாளருக்கும் விமானத்திற்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு, பறக்கும் உயரம் ஆகியவற்றிற்குக் கடுமையான விதிகள் பிரித்தானியாவில் வகுக்கப்பட்டன.

1988 ஆகஸ்ட் 28 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலியக் குழுவினர் வானில் இதய வடிவத்தை வரைந்து, அதனை ஊடுருவிச் செல்லும் சாகசத்தைச் செய்தனர். ஊடுருவும் விமானம் பார்வையாளரை நோக்கிய திசையில் வந்தது. மூன்று விமானங்கள் மோதின. ஒன்று கூட்டத்தினுள் பாய்ந்தது. மூன்று விமானிகள் உட்பட 70 பேர் மாண்டனர். மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. அமெரிக்கப் படையினரும் ஜெர்மானிய மீட்புக் குழுவினரும் பயன்படுத்திய நரம்புவழி மருந்தேற்றும் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வானத்தில் மீட்டர் கணக்கில் திட்டமிட்டவர்கள், காயமுற்றவரின் கையில் செருகும் குழாயைப் பற்றி முன்கூட்டிக் கலந்து பேசியிருக்கவில்லை.

2002 சூலை 27 அன்று உக்ரைனின் லிவிவ் நகருக்கு அருகே சுகோய்–27 விமானம் கூட்டத்தில் வீழ்ந்து 77 பேர் உயிரிழந்தனர். விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் தப்பினர். வான்சாகச நிகழ்ச்சிகளின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய உயிரிழப்பாகும்.

இத்துயரங்களிலிருந்து பிறந்த விதிகளின் சாரம் ஒன்றே. விமானத்தின் வேகமும் ஆற்றலும் மக்களை நோக்கித் திரும்பலாகாது. அமெரிக்க விதிகளின்படி மிகு வேக ஜெட் விமானங்கள் பார்வையாளரிடமிருந்து 1,500 அடிக்கு அப்பால் சாகசம் செய்ய வேண்டும். மெரினாவில் விமானங்கள் கடலின் மீதே சாகசம் செய்ததற்கும் பொருள் உண்டு. ஏதேனும் தவறினால் அதனை ஏற்றுக்கொள்ளக் கடல் இருந்தது.

விதிகள் விமானிகளின் ஆபத்தை முற்றிலும் நீக்கிவிடவில்லை. 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூர் எலகங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரண் விமானங்கள் இரண்டு மோதி ஒரு விமானி உயிரிழந்தார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விமானம் வீழ்ந்து அதன் விமானி இறந்தார். ஆயினும் இவ்விரு நிகழ்வுகளிலும் பார்வையாளர் எவரும் உயிரிழக்கவில்லை. வானம் தன் பாடத்தைக் கற்றுக்கொண்டு வருகின்றது என்பதற்கு இவை சான்றாகும்.

தரையோ தனித்து விடப்பட்டுள்ளது. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோராமில் ஹண்டர் விமானம் வீழ்ந்தபோது, இறந்த 11 பேரும் நிகழ்ச்சித் திடலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருந்தவர்கள். வேலிக்கு உள்ளே இருந்தோரை விதிகள் காத்தன; வெளியே இருந்தோரைக் காக்கவில்லை. 2019இல் எலகங்காவில் விமானங்கள் மோதிய நான்காம் நாள், வாகன நிறுத்தத் திடலில் பற்றிய தீ ஏறத்தாழ 300 கார்களைச் சாம்பலாக்கியது. அதற்கும் வானத்திற்கும் எத்தொடர்பும் இல்லை.

மெரினாவின் பிற்பகல்

பிற்பகல் ஒரு மணிக்கு நிகழ்ச்சி நிறைவுற்றது. அதுவரை வானத்தை நோக்கியிருந்த கண்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் சாலையை நோக்கித் திரும்பின. காலையில் இருபது நிமிடத்தில் நடந்த தொலைவைக் கடக்க எங்களுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. முன்னே போக வழியில்லை; பின்னே திரும்பவும் இடமில்லை. குழந்தைகளைத் தோளில் சுமந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றனர். பறக்கும் ரயில் நிலையங்களின் படிகளிலும் நடைமேடைகளிலும் அடிவைக்க இடமில்லை.

வழியில் ஓர் அம்மையார் மூச்சுத் திணறியவாறு சுவரோரம் சாய்ந்தார். முகம் சிவந்திருந்தது, பேச்சு குழறியது. உடன் வந்த மகள் செய்வதறியாது அழுதாள். தங்கை மகன் பையைத் திறந்தான். ஈரத்துண்டை அவருடைய கழுத்தில் சுற்றி, குறிப்பேட்டின் அட்டையால் விசிறினான். நாலைந்து இளைஞர்கள் கைகோத்து நின்று சுற்றிலும் சிறிது இடம் உண்டாக்கினர். மாடி வீட்டிலிருந்து ஒருவர் ஒரு குடம் தண்ணீரை இறக்கினார். அரை மணி நேரத்திற்குப் பின் அந்த அம்மையார் தெளிவாகப் பேசினார். "காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, தம்பி. குடித்தால் ஒதுங்க இடமில்லையே" என்றார். நம் பெண்கள் பொதுவிடங்களில் ஏன் தாகத்தை அடக்கிக் கொள்கின்றனர் என்பதை அந்த ஒரு தொடர் விளக்கிவிட்டது.

அன்றிரவு செய்தியில்தான் ஐவர் உயிரிழந்ததையும், நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றதையும் அறிந்தோம். இறப்புக்கு வெயிலின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. ஏற்பாடுகள் போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குறை கூறின. யார் மீது பிழை என்று தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு உட்பட்டதன்று. இந்நிலையை முன்கூட்டிக் கணக்கிட முடியுமா என்பதே நம் வினா.

கணக்கிடக் கூடிய துயரம்

முடியும் என்பதே விடை. விளையாட்டரங்கப் பாதுகாப்பிற்கான பிரித்தானிய வழிகாட்டி நூலின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்திற்கு 82 பேர் வரை கடந்து செல்லலாம். பத்து மீட்டர் அகலமுள்ள சாலை வழியே நிமிடத்திற்கு 820 பேர். ஒரு மணி நேரத்தில் 49,200 பேர். இத்தகைய சாலைகள் பத்து இருப்பின், 15 லட்சம் பேர் வெளியேற ஏறத்தாழ மூன்று மணி நேரம் தேவைப்படும். சாலையில் வண்டிகள் குறுக்கிடாமலும், எதிர்த்திசையில் எவரும் வராமலும் இருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும்.

வருகை காலை முதல் பல மணி நேரத்தில் பரவி நிகழ்ந்தது. திரும்புகையோ ஒரே கணத்தில் தொடங்கியது. ஆகவே பிற்பகல் ஒரு மணிக்குப் பின் லட்சக்கணக்கானோர் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பர் என்பது தற்செயலன்று. கூட்டல் பெருக்கல் அறிந்தவர் முன்னரே சொல்லக் கூடியது. தலைக்கு இரண்டு லிட்டர் வீதம் குடிநீர் தர வேண்டின் 30 லட்சம் லிட்டர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகளாயின் அது முந்நூறு லாரித் தண்ணீர்.

வெயிலின் செயலும் அறியப்பட்டதே. உடல் தன் வெப்பத்தை வியர்வை உலர்வதால் தணித்துக் கொள்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்தாலும், நெருக்கத்தில் காற்றோட்டம் இல்லாமற் போனாலும் வியர்வை உலராது. உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்தால் அறிவு தடுமாறும். உடனே குளிர்விக்காவிடில் உயிருக்கே தீங்காகும். நெருக்கடியில் அடைபட்ட ஆம்புலன்சு அந்நேரத்தில் வந்து சேர இயலாது.

இந்நிலை மாற்ற முடியாததன்று. மக்காவை அடுத்த மினாவில், ஹஜ் கடமையின்போது கல்லெறியும் ஜமராத் பாலத்தருகே 2006 ஜனவரியில் ஏற்பட்ட நெரிசலில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர்ப் பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல அடுக்குகளைக் கொண்ட புதிய பாலம் எழுப்பப்பட்டது. வருவோர்க்கும் போவோர்க்கும் தனித்தனி வழிகள் அமைந்தன. குழுக்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. கூட்டத்தின் பண்பு மாறவில்லை. பாதையின் அமைப்பு மாறியது. ஆயினும் 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முறைப்படி பதிவு செய்யாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள். பாதை ஒழுங்கானால் மட்டும் போதாது, நிழலும் நீரும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

மெரினா போன்ற இடத்தில் செய்யத்தக்கவை பல உள்ளன. உச்சிப்பொழுதைத் தவிர்த்து, வெயில் ஏறுமுன் நிகழ்ச்சியை முடித்துவிடலாம். ஒரே நேரத்தில் அனைவரும் கலையாதவாறு, கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பலாம். திரும்பும் வழியில், நின்றால் கை நீட்டிப் பெறும் தொலைவில் தண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடங்களும் அமைக்கலாம். மருத்துவ ஊர்திக்கென ஒரு சாலையை முழுமையாக ஒதுக்கலாம். பொதுமக்களுக்கும் கடமை உண்டு. சிறு குழந்தைகளையும் நோயுற்ற முதியோரையும் உச்சிவெயிலுக்கு அழைத்துச் செல்வதற்கு முன் நாம் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும். இடம் நிறைந்துவிட்டது என்று தெரிந்தால் திரும்பிவிடும் துணிவும் நமக்கு வேண்டும்.

முடிவுரை

ஃபார்ன்பரோவில் 29 பார்வையாளர்கள் இறந்த பின் விமானத்திற்கு எல்லைக்கோடு பிறந்தது. ராம்ஸ்டைனுக்குப் பின் பல நாடுகளில் விதிகள் மேலும் இறுகின. வானத்தில் ஒருவர் இறந்தால் விசாரணை நிகழ்கின்றது, காரணம் கண்டறியப்படுகின்றது, அடுத்த விமானி வேறு விதமாகப் பறக்கின்றார். தரையில் இறந்தோர்க்கும் அதே மரியாதையை நாம் அளிக்க வேண்டும். அவர்களுடைய இறப்பு அடுத்த நிகழ்ச்சியின் திட்டத்தில் ஒரு விதியாக எழுதப்பட வேண்டும். வெயிலின் கொடுமை என்று சொல்லி முடித்துவிட்டால், அடுத்த கூட்டமும் அதே வெயிலில் நிற்கும்.

அன்றிரவு தங்கை மகன் தன் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தான். விசிறியதில் அதன் அட்டை மடங்கியிருந்தது. கண்ட விமானங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினான். எழுதி முடித்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பின்னர், "மாமா, இறந்துபோன ஐந்து பேரையும் இதில் எழுதட்டுமா?" என்று கேட்டான். எழுது என்றேன்.

அடுத்த வாரம் வகுப்பில் மயிற்பொறியைப் பாடம் சொன்னபோது, அது சுடுகாட்டில் இறங்கிய பகுதிக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கினேன். துணையின்றி வந்து விழுந்த ஓர் அரசியையும் அவ்விடத்தில் பிறந்த குழந்தையையும் விட்டுவிடாமல் காப்பியம் பின்தொடர்கின்றது, அக்குழந்தையே சீவகன். வானில் எழுந்ததைப் போற்றிய அப்புலவர், தரையில் இறங்கியோரை மறக்கவில்லை. விழா எடுப்போரும் விழாக் காணச் செல்வோரும் அக்கருத்தை நெஞ்சிற் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையாளனின் வேண்டுகோளாகும்.